சென்னை வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில்: அந்த அரை கிலோமீட்டர் எப்போ முடியும்?

பாலத்தடி | 14 ஜூலை 2019

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பொண்ணை ஸ்கூட்டர்ல முன்னாடி நிக்க வெச்சு, வேளச்சேரி ஸ்டேஷன்ல இருந்து உள்வட்டச் சாலையோட மவுண்ட் (பரங்கிமலை) பக்கம் போனேன். ஏழு வயசு. தூண் எண்ணுறதுதான் விளையாட்டு. புழுதிவாக்கம் வரைக்கும் சரியா எண்ணிட்டு வந்தா. அங்க ஸ்டேஷனைத் தாங்குற தூணையும் சேர்க்கணுமா வேண்டாமான்னு எங்களுக்குள்ள சண்டை. ஆதம்பாக்கம் தாண்டினதும் அவளே கேட்டா: "அப்பா, இங்க ஏன் பாலம் இல்ல?"

என்கிட்ட பதில் இல்ல. ரெண்டு பக்கமும் பாலம் வந்து நிக்குது, நடுவுல வீடுங்க. முனையில கம்பி துருப்பிடிச்சு நீட்டிக்கிட்டு இருக்கு. நான் வேளச்சேரியில வீடு வாங்கினது 2009-ல. அப்போ புரோக்கர் சொன்ன முதல் வார்த்தையே "சார், ரெண்டு வருஷத்துல மவுண்டுக்கு ரயில்" தான். விவரம் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க, அந்த அரை கிலோமீட்டர்ல என்னதான் பிரச்சனை?

அகலப்பாதை | 14 ஜூலை 2019

முழுக் கதையும் தெரிந்தால்தான் இந்த அரை கிலோமீட்டர் புரியும். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பெரும்பாலும் பாலத்தின் மேல் ஓடும் இந்தப் பறக்கும் ரயிலின் முதல் வண்டி கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது 1995 நவம்பரில். 1997-ல் திருமயிலை. அடுத்து திருவான்மியூர் வர 2004 ஜனவரி 26 ஆகிவிட்டது. வேளச்சேரி 2007 நவம்பர். அங்கிருந்து பரங்கிமலைக்கு 5 கிலோமீட்டர், நடுவில் புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் என்று இரண்டு நிலையங்கள். 2008-ல் வேலை தொடங்கியபோது போட்ட மதிப்பீடு 495 கோடி ரூபாய். நாலரை கிலோமீட்டர் கட்டியாகிவிட்டது. மீதி 500 மீட்டர் நிலம் கையகப்படுத்தும் வழக்கில் நிற்கிறது.

இன்னொன்று. பறக்கும் ரயில் என்பது நேர்க்கோடாகப் போட்ட திட்டமே இல்லை. கடற்கரையில் கிளம்பி மயிலாப்பூர், வேளச்சேரி, பரங்கிமலை, வில்லிவாக்கம் என்று ஊரை வளைத்துக்கொண்டு வடக்கே போகிற வட்டப்பாதையாகத்தான் யோசித்தார்கள். வில்லிவாக்கம் பக்கத்துக் கனவை மெட்ரோ வந்ததும் மடித்து வைத்துவிட்டார்கள். எஞ்சியது இந்த 5 கிலோமீட்டர்தான். வட்டத்துக்காகப் பிறந்த பாதை வேளச்சேரியில் முட்டுச்சந்தாக நிற்கிறது. கூட்டம் வரவில்லை என்று சொல்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

டைடல்_ஷிப்ட் | 15 ஜூலை 2019

ஒரு சின்ன சந்தேகம். ஆதம்பாக்கம் வரைக்கும் பாலம் ரெடின்னா அது வரைக்குமாவது வண்டியை விடலாமே? மவுண்ட் வரும்போது வரட்டும். மெட்ரோ அப்படித்தானே துண்டு துண்டாத் திறந்தாங்க?

அகலப்பாதை | 15 ஜூலை 2019

கேட்க எளிது. ஆனால் வண்டி போனால் திரும்பி வர வேண்டும். மின்தொடர் வண்டிக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, எஞ்சின் மாற்ற வேண்டியதில்லை. ஆனாலும் போன தண்டவாளத்திலிருந்து வருகிற தண்டவாளத்துக்கு மாற கிராஸ் ஓவர் வேண்டும், அதற்கு சிக்னல் வேண்டும். கடைசி நிலையமாகத் திட்டமிடாத இடத்தில் இவை இருக்காது. மேலே மின்கம்பி இழுக்க வேண்டும், நிலையத்துக்கு ஆள் போட வேண்டும், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துச் சான்று கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்து திறந்தால் யார் ஏறுவார்கள்? ஆதம்பாக்கத்தில் இறங்கி மவுண்டுக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பவர், வேளச்சேரியிலேயே பிடித்துவிடுவாரே.

மெட்ரோ துண்டு துண்டாகத் திறந்தது உண்மை. ஆனால் 2015-ல் திறந்த முதல் துண்டே கோயம்பேடு–ஆலந்தூர். ஒரு முனையில் பேருந்து நிலையம். அதுதான் வித்தியாசம்.

மாடிப்படி | 15 ஜூலை 2019

எல்லாரும் புதுசா கட்டுறதைப் பத்தியே பேசுறீங்க. இருக்கிறதுல ஏறி இறங்கிப் பார்த்தீங்களா?

நான் பதினோரு வருஷமா இந்த லைன்ல போறேன். எந்த ஸ்டேஷன்னு பேர் சொல்லல, சொன்னா அங்க இருக்கிற டிக்கெட் கவுன்ட்டர் அம்மாவுக்குத்தான் திட்டு விழும். அவங்க பாவம். லிப்ட் ஓடின நாளை விட "பழுது" அட்டை தொங்கின நாள்தான் அதிகம். எஸ்கலேட்டர் இருக்கு, அது படிக்கட்டாத்தான் இருக்கு. ஓடாத எஸ்கலேட்டர்ல ஏறிப் பார்த்திருக்கீங்களா? படி உயரம் ஒழுங்கா இருக்காது, மூட்டுக்கு அதை விடக் கொடுமை எதுவும் இல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல அந்தப் பெரிய ஹால்ல என் செருப்புச் சத்தம் எனக்கே திரும்பிக் கேக்கும். புறாவும் நானும்தான்.

டிக்கெட் 5 ரூபாய். அதனாலதான் வரேன். ரயில் நல்ல ரயில், ஸ்டேஷன்தான் பேய் வீடு. வண்டியை விட்டா மத்தியானத்துல இருபது நிமிஷத்துக்கு மேல நிக்கணும். மவுண்டுக்கு இழுக்கிறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணுங்கப்பா.

பாலத்தடி | 15 ஜூலை 2019

அக்கா, ஒத்துக்கறேன். ஆனா மவுண்ட் வந்தா கூட்டம் வரும், கூட்டம் வந்தா விளக்கு எரியும்னு நம்புறேன்.

மாடிப்படி | 15 ஜூலை 2019

விளக்கு எரிஞ்சா கூட்டம் வரும்னு நான் நம்புறேன். பார்ப்போம்.

கூவம்கரை | 17 ஜூலை 2019

நிலையங்கள் ஏன் இப்படி யானை அளவுக்கு இருக்கின்றன என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மேல் மாடிகளை அலுவலகத்துக்கும் கடைகளுக்கும் வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் ரயிலை ஓட்டலாம் என்று கணக்குப் போட்டுத்தான் இரண்டாம் கட்ட (திருமயிலை–வேளச்சேரி) நிலையங்களைக் கட்டினார்கள். கட்டடம் வந்தது, வாடகைக்காரர் வரவில்லை. சினிமாக்காரர்களுக்குப் பிடித்துப்போனது. கடத்தல், துரத்தல், கொலை எல்லாம் அங்கேதான் எடுக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. நிலம், நிலம் என்கிறீர்களே, முதல் இரண்டு கட்டங்களிலும் பெரிய நில வழக்கு ஏன் வரவில்லை? பாதி வழி பக்கிங்காம் கால்வாய் மேலேயே போனார்கள். தண்ணீர் வழக்குப் போடாது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற அந்த எட்டு கிலோமீட்டர் கால்வாயை வெட்டியது தாது வருஷப் பஞ்சத்தில், 1877–78-ல். கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்தவர்களுக்கு நிவாரண வேலை கொடுத்துத் தோண்டவைத்தார்கள். என் சின்ன வயதில்கூட அதில் படகு வந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று கோட்டூர்புரத்தில் பிளாட்பாரத்திலிருந்து எட்டிப் பாருங்கள். கால்வாய்க்குள்ளேயே வரிசையாகத் தூண்கள். ஒவ்வொரு தூணின் இடுப்பிலும் ஒரு மழைக்காலத்துக் குப்பை சுற்றிக்கொண்டு நிற்கும். வாய்க்காலின் அகலத்தைத் தின்றுவிட்டு, மழை வந்தால் ஊரில் தண்ணீர் நிற்கிறதே என்று ஆச்சரியப்படுகிறோம்.

வேளச்சேரிக்கு மேற்கே கால்வாய் இல்லை. முதல் முறையாக மனிதர்கள் குடியிருக்கிற இடத்தில் கேட்க வேண்டி வந்தது. கேட்கத் தெரியவில்லை.

டைடல்_ஷிப்ட் | 17 ஜூலை 2019

சார், கோட்டூர்புரம் முன்னாடி அடையாறு மேல வண்டி போகும்போது பார்த்தீங்கன்னா, போன்ல இருக்கிறவன்கூடத் தலை நிமிர்ந்து பார்ப்பான். பெருங்குடி தாண்டி சதுப்பு நிலம். நாரை, கூழைக்கடா எல்லாம் இலவசம். இதுக்கே 5 ரூபா கொடுக்கலாம்.

மட்டுறுத்துநர் | 3 மார்ச் 2021

இழை ஒன்றரை வருடம் தூங்கியது. "லைட் ரயில்தான் தீர்வு" என்று தனியாகத் தொடங்கிய இழையை இதோடு இணைத்திருக்கிறேன்.

டைடல்_ஷிப்ட் | 3 மார்ச் 2021

தாம்பரம்–வேளச்சேரிக்கு லைட் ரயில்னு பேச்சு அடிபடுது, மேடவாக்கம் வழியா, சுமார் 15 கிலோமீட்டர். என் கேள்வி இதுதான். பறக்கும் ரயிலையே லைட் ரயிலாக் கட்டியிருந்தா இந்த அரை கிலோமீட்டர் பிரச்சனையே வந்திருக்காதுல்ல? சின்னப் பாலம், சின்ன ஸ்டேஷன், சின்னப் படிக்கட்டு. மாடிப்படி அக்காவுக்கும் சந்தோஷம்.

அகலப்பாதை | 4 மார்ச் 2021

பாதி உண்மை.

பலர் பறக்கும் ரயிலை லைட் ரயில் வகையில் சேர்க்கிறார்கள், தவறு. தாம்பரம் போகிற அதே புறநகர் வண்டிதான், மேலே ஏறி ஓடுகிறது. 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை, 25 கிலோவோல்ட் மின்சாரம், மூன்றரை மீட்டரைத் தாண்டிய அகலத்தில் பெட்டி. லைட் ரயில் பெட்டி பெரும்பாலும் 2.65 மீட்டருக்கு மேல் போகாது. எடை குறைந்தால் தூண் மெலியும், நடைமேடை சுருங்கும். எல்லாவற்றையும்விட வளைவு. நம் அகலப்பாதையில் 175 மீட்டர் ஆரத்துக்குக் கீழே திருப்ப விதி இடம் கொடுக்காது. லைட் ரயில் 25, 30 மீட்டரில் தெருமுனையில் டிராம் திரும்புவதுபோலத் திரும்பிவிடும். சாலை எங்கே போகிறதோ அங்கேயே போகலாம், வீட்டுக்குள் நுழைய வேண்டாம். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ஒன்பது பெட்டியில் காலை நேரத்தில் ஏறுகிற கூட்டத்தை மூன்று பெட்டி லைட் ரயிலில் ஏற்ற வேண்டுமென்றால் மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி விட வேண்டும். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று விடுகிற மனநிலையோடு லைட் ரயில் கட்டினால் அது பேருந்தைவிட மோசம்.

ஒரு பழைய கணக்கும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் 1895-ல் ஓடத் தொடங்கிய டிராம் 1953-ல் நின்றது. 2011-ல் 111 கிலோமீட்டர் மோனோரயில் என்றார்கள், ஒரு தூண்கூட வரவில்லை. எந்த வகை ரயில் என்று சண்டை போடுவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

கேஎல்_பயணி | 4 மார்ச் 2021

வணக்கம், நான் கோலாலம்பூர். உங்க இழையை ரொம்ப நாளா சும்மா படிச்சிக்கிட்டு வர்றேன். லைட் ரயில்னு சொன்னதும் கை சும்மா இருக்கல.

எங்க கிளானா ஜெயா எல்.ஆர்.டி. (அதான் லைட் ரயில்) 1998-ல தொடங்குச்சு. ஓட்டுநரே கிடையாது, முன் கண்ணாடிகிட்ட சின்னப் பிள்ளைங்க நின்னுக்கிட்டு வண்டி ஓட்டுற மாதிரி விளையாடும். முதல்ல ரெண்டு பெட்டிதான். கூட்டம் பிதுங்கி, 2009-க்கு அப்புறம்தான் நாலு பெட்டி வந்துச்சு. 2016-ல புத்ரா ஹைட்ஸ் வரைக்கும் சுமார் 17 கிலோமீட்டர் நீட்டினாங்க. நீட்டிப்பு வந்த பிறகு சுபாங் ஜெயா பக்கம் இருக்கிற என் தங்கச்சி காரை வீட்லயே விட்டுட்டா. ஆக நீட்டிப்பு வேலை செய்யும், நம்புங்க.

ஆனா உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. மஸ்ஜித் ஜமேக்னு ஒரு ஸ்டேஷன். ரெண்டு எல்.ஆர்.டி. லைன் அங்க சந்திக்குது. ரெண்டும் ஆரம்பத்துல வேற வேற கம்பெனி. ஒரே இடம், பேரும் ஒண்ணு, ஆனா ஒரு லைன்ல இறங்கி, கேட்டுக்கு வெளியே வந்து, மறுபடி டிக்கெட் எடுத்து அடுத்த லைன்ல ஏறணும். இதைச் சரி பண்ண 2011 ஆயிடுச்சு. பாலத்தை இணைக்கிறது ஒரு வேலைன்னா டிக்கெட்டை இணைக்கிறது அதை விடப் பெரிய வேலை லா. உங்க மவுண்ட்ல மூணு ரயில் சந்திக்கப் போகுது. இப்பவே கேட்டு வைங்க.

பாலத்தடி | 4 மார்ச் 2021

இது எனக்குத் தோணவே இல்ல சார். மெட்ரோ 2016-லயே மவுண்டுக்கு வந்தாச்சு. புறநகர் ரயில் எப்பவும் இருக்கு. பறக்கும் ரயில் வந்தா மூணும் ஒரே இடம். பேப்பர்ல "மும்முனைச் சந்திப்பு"ன்னு போடுறாங்க, டிக்கெட்டைப் பத்தி யாரும் எழுதல.

நில_அளவை | 9 மார்ச் 2021

இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். "வீடுங்க நடுவுல நிக்குது" என்று எழுதியிருந்தார் பாலத்தடி. அந்த வீடுகளில் ஒன்று என் பெரியம்மாவுடையது.

நாங்கள் யாரும் ரயிலுக்கு எதிரி இல்லை. பெரியப்பா அந்த மனையை வாங்கியபோது அங்கே மழைக்காலத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் போக முடியும். சீட்டுப் போட்டு, நகையை வைத்து, மூன்று தவணையாகக் கட்டிய வீடு. அளக்க வந்தவர்கள் திண்ணையில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு சமையலறை வழியாகப் போனது. பாதி வீட்டை எடுத்துக்கொண்டால் மீதியில் எப்படி இருப்பது என்று கேட்டதற்கு வந்த பதில், "மேலே கேளுங்க". வருடக்கணக்காக அந்த "மேலே" யார் என்றே எங்களுக்குத் தெரியவில்லை. பெரியம்மா வருடா வருடம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார். அழித்தால் கேஸ் போடுவார்களோ என்று பயம்.

பணத்தைச் சொல்கிறேன். 1894 நில எடுப்புச் சட்டப்படி நிலத்தின் மதிப்புக்கு மேலே 30 சதவீதம் ஆறுதல் தொகை. 2013-ல் வந்த சட்டம் 2014 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது, அதில் 100 சதவீதம். அதாவது நகரத்தில் மதிப்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய சட்டத்தில் தொடங்கி, புதிய சட்டம் வந்த பிறகும் முடியாத வேலை என்றால், எந்தக் கணக்கில் கொடுப்பது? சண்டை அதுதான். அதோடு மதிப்பு என்றாலே வழிகாட்டி மதிப்பைத்தான் எடுக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஆதம்பாக்கத்தில் வேண்டாம், அதற்கு அப்பால் இரண்டு ஊர் தள்ளிக்கூட வீடு கிடைக்காது.

இங்கே "சிலருடைய சுயநலத்தால் ஊரே காத்திருக்கிறது" என்று ஒருவர் எழுதி, பிறகு நீக்கிவிட்டார். நான் படித்துவிட்டேன்.

பாலத்தடி | 9 மார்ச் 2021

அதை எழுதினது நான்தான். மன்னிச்சிருங்க.

கூவம்கரை | 10 மார்ச் 2021

அகலப்பாதை அவர்களே, வளைவு ஆரம் 175 மீட்டர் என்றீர்கள். அந்த ஆரம்தான் ஒரு சமையலறை வழியாகப் போயிருக்கிறது.

அகலப்பாதை | 10 மார்ச் 2021

இருக்கலாம். ஆனால் லைட் ரயிலாக இருந்திருந்தாலும் வேறு யாருடைய திண்ணையோ. எந்த ரயிலும் ஆகாயத்தில் மட்டும் ஓடாது. 2008-லேயே சந்தை விலை கொடுத்துக் கணக்கை முடித்திருந்தால் பெட்டி அகலத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கட்டுகிற செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்துடையது, ஓட்டுகிற பொறுப்பு ரயில்வேயுடையது. தாமதமானால் யாருக்கு வலிக்கும்? இருவருக்கும் பாதிப் பாதி. பாதி வலியில் யாரும் மருத்துவரிடம் போவதில்லை.

பாலத்தடி | 18 டிசம்பர் 2022

இழையை எழுப்புறேன். நல்ல சேதி. அரை கிலோமீட்டர்ல ஆள் இறங்கியாச்சு. தகரம் அடைச்சு, உள்ள ரிக் மெஷின் சத்தம். பொண்ணு இப்போ நாலாம் கிளாஸ்ல இருந்து அஞ்சாம் கிளாஸ் போயாச்சு, தூண் எண்ண வர மாட்டேங்குறா. நானே எண்ணினேன். 495 கோடி இப்போ 730 கோடி ஆயிருக்காம்.

நில_அளவை | 19 டிசம்பர் 2022

பெரியம்மா இப்போது மேடவாக்கத்தில் இருக்கிறார். அவ்வளவுதான் எழுத முடியும். வேலை ஆகட்டும்.

டைடல்_ஷிப்ட் | 29 ஆகஸ்ட் 2023

ஒரு முனையை நீட்டுறாங்கன்னு பார்த்தா இன்னொரு முனையை வெட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமையில இருந்து கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை வண்டி இல்ல. ஏழு மாசமாம். நான் சென்ட்ரல் போகணும்னா சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி பஸ்ஸோ நடையோ.

அகலப்பாதை | 29 ஆகஸ்ட் 2023

கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைக்காக. பறக்கும் ரயில் என்று பெயரே தவிர, கடற்கரையிலிருந்து பூங்கா நகர் வரை தரையில்தான் ஓடுகிறது, மற்ற பாதைகளோடு தோள் உரசிக்கொண்டு. அங்கே ஒரு தண்டவாளம் கூடுதலாக வேண்டுமென்றால் இதைத்தான் நகர்த்த வேண்டும். ஏழு மாதத்தை நம்ப வேண்டாம்.

மாடிப்படி | 30 ஆகஸ்ட் 2023

ரெண்டு பக்கமும் முட்டுச்சந்து ஆன ரயில் உலகத்துலயே இது ஒண்ணுதான். நான் இன்னும் அதுலதான் போறேன். லிப்ட் அட்டை புதுசா மாட்டியிருக்காங்க, லேமினேஷன் பண்ணி.

பாலத்தடி | 20 ஜனவரி 2024

தில்லை கங்கா நகர் பக்கம் கட்டிக்கிட்டிருந்த பாலத்துல ஒரு பகுதி விழுந்துடுச்சு. யாருக்கும் அடி இல்லை, அதுவரைக்கும் நிம்மதி. நேத்துப் போய்ப் பார்த்தேன். ரோட்டோரத்துல கான்கிரீட் துண்டு பிளந்து கிடக்கு, உள்ள இருக்கிற கம்பிக் கற்றை ரம்பத்தால அறுத்த கரும்பு மாதிரி தெரியுது. கூட்டம் சுத்தி நின்னு வீடியோ எடுக்குது. ஒரு பெரியவர் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டிருந்தார், "கட்டாம இருந்தப்பவே நல்லா இருந்துச்சு."

கேஎல்_பயணி | 21 ஜனவரி 2024

ஆண்டவன் புண்ணியம். பார்த்துக் கட்டச் சொல்லுங்க, இவ்வளவு நாள் காத்திருந்தாச்சு, இன்னும் ஆறு மாசத்துல ஒண்ணும் கெட்டுப்போகாது.

டைடல்_ஷிப்ட் | 29 அக்டோபர் 2024

இன்னிக்கு வண்டி கடற்கரை வரைக்கும் போச்சு! ஏழு மாசம் பதினாலு மாசம் ஆச்சு. பூங்கா நகர்ல மட்டும் நிக்காம போகுது. அகலப்பாதை சார், உங்க வாய்க்குச் சர்க்கரை இல்ல, வேற ஏதாவதுதான் போடணும்.

அகலப்பாதை | 29 அக்டோபர் 2024

இதே மாதம் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, 63,246 கோடி. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மாதவரம்–சிறுசேரி பாதை திருமயிலை, மந்தைவெளி, இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று பறக்கும் ரயிலின் நிழலிலேயே வருகிறது. மாதவரம்–சோழிங்கநல்லூர் பாதை பரங்கிமலை, ஆதம்பாக்கம், புழுதிவாக்கம் வழியாக. நாம் பதினாறு வருடமாகக் காத்திருக்கிற இரண்டு நிலையங்களின் பெயரும் அதில் இருக்கிறது. மெட்ரோ நிலையத்துக்கும் பறக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே நடந்து போக ஒரு கூரை போட்ட வழி உண்டா என்பதுதான் இப்போது கேட்க வேண்டிய கேள்வி. கோலாலம்பூர்க்காரர் 2021-லேயே சொல்லிவிட்டார்.

மாடிப்படி | 6 ஆகஸ்ட் 2025

பறக்கும் ரயிலை மெட்ரோ கம்பெனிகிட்ட கொடுக்கிறதுக்கு ரயில்வே வாரியம் கொள்கையளவுல சரின்னு சொல்லியாச்சாம். எல்லாரும் என்ன நினைக்கிறீங்க? எனக்கு ரெண்டு மனசா இருக்கு. மெட்ரோ ஸ்டேஷன்ல லிப்ட் ஓடுது, பாத்ரூம் சுத்தம், ராத்திரி பயமில்ல. ஆனா மெட்ரோவுல குறைஞ்ச டிக்கெட்டே 10 ரூபா. எங்க ஸ்டேஷன்ல காலை ஆறு மணிக்கு இறங்குறவங்க யாருன்னு பார்த்திருக்கீங்களா? பூ கட்டுறவங்க, வீட்டு வேலைக்கு வர்றவங்க, ஆபீஸ் கூட்டுறவங்க. சீசன் டிக்கெட்டை நம்பிக் குடும்பம் நடத்துறவங்க. அவங்களுக்கு லிப்ட் வேணும்தான். ஆனா லிப்ட்டுக்காக ரயிலை விட்டு இறங்க வெச்சுடாதீங்க.

நில_அளவை | 6 ஆகஸ்ட் 2025

இத்தனை வருடத்தில் இந்த இழையில் நான் முழுதாக ஒத்துக்கொண்ட பதிவு இதுதான்.

அகலப்பாதை | 7 ஆகஸ்ட் 2025

கட்டணத்தை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். புறநகர் சீசன் டிக்கெட் செல்லும் என்று ஒரு வரி. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றால் சேராது. கோலாலம்பூரில் டிக்கெட்டை இணைக்கப் பதிமூன்று வருடம் ஆனது.

புதுசு_25 | 9 ஆகஸ்ட் 2025

எல்லாருக்கும் வணக்கம், இப்போதான் சேர்ந்தேன். முழு இழையும் படிக்கல, மன்னிக்கவும். வேளச்சேரிக்குக் குடி வந்திருக்கோம். மவுண்ட் மெட்ரோவுக்குத் தினமும் போகணும். இப்போதைக்கு எப்படிப் போறது?

பாலத்தடி | 9 ஆகஸ்ட் 2025

ஸ்டேஷன் வாசல்ல நிக்காதீங்க தம்பி, அங்க மீட்டர் போட மாட்டான். உள்வட்டச் சாலைக்கு வந்து மேற்கே பார்த்து நில்லுங்க, ஷேர் ஆட்டோ வரும். சில்லறை வெச்சுக்கோங்க. இடது பக்க ஓரமா உக்காருங்க, வழி முழுக்க தூண் தெரியும்.